டேங்க் நிறைய பெட்ரோல், வானத்தில் தோல்வி!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் போன் செய்தார். "ஜாய்ஸ்டிக் சரியில்லை போலிருக்கிறது. வேறு வாங்கிவிடலாமா? இல்லை, கிராபிக்ஸ் கார்டையே மாற்ற வேண்டுமா?" என்று கேட்டார். காசு செலவழிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் வீட்டிற்குப் போனேன்.

அவர் விளையாடியது இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டை. அவர் ஓட்டுவது அமெரிக்காவின் பி-51டி மஸ்டாங். எதிரி, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109. மூன்று முறை விளையாடிக் காட்டினார். மூன்று முறையும் ஒரே கதைதான். இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று துரத்தி வட்டமடிக்கும். இரண்டாவது வட்டத்திலேயே மெஸ்ஸர்ஷ்மிட் இவருக்குப் பின்னால் வந்துவிடும். பதற்றத்தில் இவர் ஜாய்ஸ்டிக்கை இன்னும் இழுப்பார். மஸ்டாங் ஒரு பக்கமாகச் சரிந்து, பம்பரம் போல் சுழன்று கீழே விழும்.

ஜாய்ஸ்டிக்கை விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. படமும் தடையில்லாமல் ஓடுகிறது. பிறகு, பறப்பதற்கு முன் ஆயுதங்களைத் தேர்ந்தெடுக்கும் திரையைத் திறந்து பார்த்தேன். எரிபொருள் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று இருந்தது. அதை 25 ஆக மாற்றிவிட்டு, "இப்போது ஆடுங்கள்" என்றேன். இந்த முறை அவர் விழவில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிரியின் வாலைப் பிடித்துவிட்டார். புது ஜாய்ஸ்டிக் வாங்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரே ஒரு எண்ணை மாற்றியதால் விமானம் ஏன் இப்படி மாறியது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

சிமுலேட்டருக்குள் என்ன நடக்கிறது?

சாதாரண ஆர்கேட் விளையாட்டில் விமானம் என்பது திரையில் நகரும் ஒரு படம். இடது பக்க அம்புக்குறியை அழுத்தினால் இடது பக்கம் போகும். அவ்வளவுதான். சிமுலேட்டர் அப்படி அல்ல. நிஜ விமானத்தின் மீது செயல்படும் விசைகளை அது தொடர்ந்து கணக்கிட்டுக் கொண்டே இருக்கும். இறக்கை தரும் தூக்கு விசை, காற்றின் தடை, இன்ஜினின் இழுப்பு, விமானத்தின் எடை ஆகிய நான்கும் முக்கியமானவை.

உதாரணமாக, ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். இது ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டம். இதில் இந்தக் கணக்கு விநாடிக்கு 120 முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் புரோகிராம் செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான்: இன்ஜின் எவ்வளவு எரிபொருள் குடித்தது என்று பார்த்து டேங்கிலிருந்து கழிக்கும். மீதி எரிபொருள், காலி விமானம், பைலட், தோட்டா எல்லாவற்றின் எடையையும் கூட்டும். அந்த எடைக்கு ஏற்ப விமானம் அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்று முடிவு செய்யும்.

ஃபிளைட்கியர் பயன்படுத்தும் ஜேஎஸ்பிசிம் என்ற பகுதியில் ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் உண்டு. நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். அதில் ஒவ்வொரு டேங்கும் எவ்வளவு கொள்ளும் என்பதோடு, அது விமானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்கும். டேங்க் இருக்கும் இடம் ஏன் முக்கியம் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். முதலில் எடை.

பெட்ரோல் எவ்வளவு கனம்?

மஸ்டாங்கின் இரு இறக்கைகளிலும் தலா 92 அமெரிக்க கேலன் கொள்ளும் டேங்குகள் உண்டு. பைலட் இருக்கைக்குப் பின்னால் 85 கேலன் டேங்க் ஒன்று. மொத்தம் 269 கேலன். லிட்டரில் சொன்னால் சுமார் 1,018 லிட்டர்.

விமான பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் 720 கிராம் இருக்கும். ஆகவே டேங்குகள் நிறைந்தால் பெட்ரோல் மட்டும் 730 கிலோவுக்கு மேல். 25 சதவீதம் என்றால் சுமார் 183 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 550 கிலோ. ஏழெட்டுப் பேரை முதுகில் ஏற்றிக் கொண்டு சண்டைக்குப் போவதற்குச் சமம் இது.

இது நேராகப் பறக்கும்போது உள்ள கணக்கு. கூர்மையாகத் திரும்பும்போது விமானமும் அதில் உள்ள அனைத்தும் பல மடங்கு கனமானது போல் ஆகிவிடும். இதைத்தான் 'ஜி' என்கிறார்கள். 4 ஜி திருப்பத்தில் அந்த 550 கிலோ, 2,200 கிலோ போல் அழுத்தும். அவ்வளவையும் தாங்க வேண்டியது அதே இறக்கைகள்தான்.

எடை கூடினால் என்ன ஆகும்?

பைலட், தோட்டா எல்லாம் சேர்த்து, பெட்ரோல் இல்லாமல் மஸ்டாங் சுமார் 3,850 கிலோ என்று வைத்துக் கொள்வோம். 25 சதவீத பெட்ரோலுடன் 4,033 கிலோ. 100 சதவீதத்துடன் 4,582 கிலோ. அதாவது முழு டேங்க் விமானம் 13.6 சதவீதம் கனம். இதனால் வரும் விளைவுகள் இவை:

1. ஸ்டால் வேகம் கூடும். இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் கைவிடும் வேகம்தான் ஸ்டால் வேகம். இது எடையின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். எடை 13.6 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம் 6.6 சதவீதம் கூடும். லேசான விமானம் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆனால், கனமானது 170 கி.மீ. வேகத்திலேயே ஆகிவிடும்.

2. வட்டம் பெரிதாகும். இறக்கையின் முழுத் திறனையும் பயன்படுத்தித் திரும்பும்போது வட்டத்தின் ஆரம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும். லேசான விமானம் 200 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், கனமானதற்கு 227 மீட்டர் தேவை. எதிரி உள் வட்டத்தில் நுழைய அந்த 27 மீட்டர் போதும்.

3. வேகம் சீக்கிரம் வடியும். தூக்கு விசையை உண்டாக்குவதற்காக இறக்கை ஒரு கூடுதல் தடையைச் சந்திக்கிறது. அது எடையின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். அதே வேகம், அதே ஜி என்றால் இந்தத் தடை 29 சதவீதம் கூடுகிறது. திரும்பத் திரும்ப வேகம் குறைவது இதனால்தான். நண்பரின் விமானம் முதல் வட்டத்தில் தாக்குப் பிடித்து இரண்டாவது வட்டத்தில் தோற்றதற்கும் இதுவே காரணம்.

4. ஏறுவது மெதுவாகும். இன்ஜினின் சக்தி மாறவில்லை. தூக்க வேண்டிய பாரம் மட்டும் கூடிவிட்டது.

கனத்தால் ஒரு லாபமும் உண்டு. செங்குத்தாகப் பாயும்போது கனமான விமானம் சற்று வேகமாக இறங்கும். ஆகவே டேங்க் நிறைய பெட்ரோலுடன் மாட்டிக் கொண்டால் வட்டமடிக்காதீர்கள். மூக்கைக் கீழே தள்ளிப் பாய்ந்து தப்பித்துவிடுங்கள்.

முன்பாரம், பின்பாரம்

இனி டேங்க் இருக்கும் இடத்துக்கு வருவோம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் முன்பாரம். மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கிக் கொள்ளும். மொத்த எடை ஒன்றுதான். ஆனால் வண்டி நடந்து கொள்ளும் விதம் வேறு.

விமானத்திலும் இதே கதைதான். முன்பாரமான விமானம் மூக்கைத் தூக்கச் சோம்பல்படும். ஆனால் கையை விட்டால் தானாகவே நேராகிவிடும். பின்பாரமான விமானம் இதற்கு நேர் எதிர். லேசாக இழுத்தாலே மூக்கு சட்டென்று மேலே போகும். விட்டாலும் பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது. பாரம் இன்னும் பின்னால் போனால் விமானம் பைலட்டின் பேச்சைக் கேட்காது.

மஸ்டாங்கின் இறக்கை டேங்குகள் விமானத்தின் ஈர்ப்பு மையத்திற்கு அருகில் இருப்பவை. அவை நிறைந்தாலும் காலியானாலும் சமநிலை பெரிதாக மாறாது. ஆனால் பைலட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் 85 கேலன் டேங்க், சுமார் 230 கிலோ பின்பாரம். அன்றைய அமெரிக்க விமானப்படை பைலட்டுகளுக்குத் தந்த மஸ்டாங் கையேடு இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. அந்த டேங்கில் 25 கேலனுக்கு மேல் இருந்தால் ஸ்டிக்கை மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும். 40 கேலனுக்கு மேல் இருந்தால் வானில் எந்தச் சாகசமும் செய்யக் கூடாது.

காரணம், கூர்மையான திருப்பத்தில் ஸ்டிக்கின் விசை தலைகீழாகிவிடும். வழக்கமாக பைலட் ஸ்டிக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். கை தளர்ந்தால் அது முன்னால் போய்விடும். பின்பாரத்துடன் திரும்பும்போது ஸ்டிக் தானே பைலட்டின் வயிற்றை நோக்கி வரும். அவர் அதை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். தள்ளத் தவறினால் திருப்பம் மேலும் இறுகும், இறக்கை ஸ்டால் ஆகும், விமானம் சுழலும். நண்பரின் திரையில் நாங்கள் பார்த்தது போலவேதான்.

தெரிந்தே வைத்த ஆபத்து

இவ்வளவு தொல்லை தரும் டேங்கை அங்கே ஏன் வைத்தார்கள் என்று கேட்கலாம். வடிவமைத்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை.

1943 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்திலிருந்து 291 பி-17 குண்டு வீச்சு விமானங்கள் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்திலிருந்த பால் பேரிங் தொழிற்சாலைகளைத் தாக்கப் புறப்பட்டன. துணைக்குச் சென்ற பி-47 தண்டர்போல்ட் ஃபைட்டர் விமானங்களுக்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்ப எரிபொருள் போதாது. ஜெர்மனியின் எல்லையில் உள்ள ஆஹன் நகரம் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகு பி-17கள் தனியாகச் சென்றன. அன்று ஒரே நாளில் 60 விமானங்கள் வீழ்ந்தன. ஒரு விமானத்தில் 10 பேர். 600 பேர் திரும்பவில்லை.

துணைக்குச் செல்லும் விமானம் இலக்கு வரை செல்ல வேண்டும் என்றால் அதிக எரிபொருள் வேண்டும். இறக்கையில் இடம் இல்லை. ஆகவே மஸ்டாங்கில் பைலட்டுக்குப் பின்னால் அந்த 85 கேலன் டேங்கைப் பொருத்தினார்கள். இறக்கைகளின் கீழே கழற்றிவிடக் கூடிய டிராப் டேங்குகளையும் தொங்கவிட்டார்கள். 75 கேலன் கொள்ளும் உலோக டேங்குகள் ஒரு ரகம். 108 கேலன் கொள்ளும் இன்னொரு ரகத்தை இங்கிலாந்தில் தயாரித்தார்கள். அதைச் செய்தது கெட்டியான காகிதத்தில்! பசையில் ஊறவைத்து அழுத்திய காகிதம். சில மணி நேரம் பெட்ரோலைத் தாங்கினால் போதும், பிறகு எறியப்போகும் பொருள்தானே! 1944 மார்ச் மாதத்தில் மஸ்டாங்குகள் பெர்லின் வரை குண்டு வீச்சு விமானங்களுக்குத் துணையாகச் சென்றன.

பின்பார ஆபத்தை பைலட்டுகள் சமாளித்த முறை எளிமையானது. இடது இறக்கை டேங்கிலிருந்து பெட்ரோல் எடுத்துக் கொண்டு கிளம்புவார்கள். ஓரளவு உயரம் போனதும் பின் டேங்குக்கு மாற்றி, அதை 25, 30 கேலன் வரை குறைத்துவிடுவார்கள். அடுத்து டிராப் டேங்குகள். எதிரியைக் கண்டதும் டிராப் டேங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு இறக்கை டேங்குகளுக்கு மாறுவார்கள். ஆக, சண்டை தொடங்கும் நேரத்தில் பின்பாரம் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். இறக்கை டேங்குகள் முழுமையாக மிச்சம் இருக்கும்.

நம் சிமுலேட்டரில் என்ன நடக்கிறது? பல மிஷன்கள் எதிரிக்கு எதிரிலேயே தொடங்குகின்றன. வழியில் எரித்துத் தீர்த்திருக்க வேண்டிய பெட்ரோல் முழுவதும் டேங்கிலேயே இருக்கிறது. பெர்லின் போக வேண்டிய பாரத்தோடு நாம் வட்டமடித்துச் சண்டை போடுகிறோம்.

உங்கள் ஜாய்ஸ்டிக்கில் எப்படித் தெரியும்?

சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஸ்பிரிங். எப்போதும் அதே விசையோடு அது கையை நடுவுக்குத் தள்ளும். நிஜ ஸ்டிக்கில் வரும் விசை மாற்றம் இதில் தெரியாது. அதனால் பின்பாரத்தை நீங்கள் கையால் உணர முடியாது. கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடையாளங்கள் இவை. நேராகப் பறக்கும்போது மூக்கு மேலும் கீழும் அலைந்து கொண்டே இருக்கும். ஜாய்ஸ்டிக்கை அரை அங்குலம் இழுத்தால் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் திரும்பும். குறி பார்த்துச் சுடும்போது மூக்கு இலக்கைத் தாண்டித் தாண்டிப் போகும். இப்படி இருந்தால் முதலில் எரிபொருளைப் பாருங்கள். அதைக் குறைத்தும் சரியாகவில்லை என்றால் ஜாய்ஸ்டிக் அமைப்பில் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். கடைக்குப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எல்லா சிமுலேட்டர்களும் பின்பாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சிலவற்றில் மொத்த எடை மட்டும்தான் மாறும். டேங்குகளைத் தனித்தனியாகக் காட்டி, எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்க வைக்கும் சிமுலேட்டர் என்றால் இடமும் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். 2012ல் வெளிவந்த டிசிஎஸ் பி-51டி இப்படிப்பட்டது. அதில் நிஜ விமானத்தில் உள்ளது போலவே இறக்கை டேங்குகளின் மீட்டர்கள் காக்பிட் தரையில் இருக்கும். பின் டேங்கின் மீட்டரைப் பார்க்க இடது தோளுக்குப் பின்னால் திரும்ப வேண்டும்.

மிகக் குறைத்தாலும் ஆபத்து

இதையெல்லாம் படித்துவிட்டு எப்போதும் மிகக் குறைந்த அளவில் பறக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு மிஷனில் மெஸ்ஸர்ஷ்மிட்டில் 25 சதவீதம் போட்டுக் கொண்டு கிளம்பினேன். விமானம் அற்புதமாகத் திரும்பியது. இரண்டு எதிரிகளை வீழ்த்தினேன். திரும்பும் வழியில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. கடலில் இறங்கினேன். அரை மணி நேர உழைப்பு தண்ணீரில் போயிற்று.

என் தவறு என்ன? சதவீதத்தைப் பார்த்தேன், லிட்டரைப் பார்க்கவில்லை. மஸ்டாங்கில் 25 சதவீதம் என்றால் சுமார் 254 லிட்டர். மெஸ்ஸர்ஷ்மிட் 109இ விமானத்தின் டேங்க் மொத்தமே 400 லிட்டர்தான். அதில் 25 சதவீதம் வெறும் 100 லிட்டர். முழு சக்தியில் ஓட்டினால் 15, 20 நிமிடத்திற்குத்தான் வரும். சிமுலேட்டரில் சதவீதம் எல்லா விமானத்திற்கும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் அளவு ஒன்றல்ல.

1940ல் பிரிட்டன் மீது நடந்த விமானப் போரில் ஜெர்மன் பைலட்டுகள் முழு டேங்குடன் கிளம்பியும் இதே நெருக்கடியில்தான் பறந்தார்கள். பிரான்ஸ் கரையிலிருந்து கிளம்பி லண்டன் வரை வந்தால், அங்கே சண்டை போட ஏறக்குறைய 10 நிமிடத்திற்குத்தான் பெட்ரோல் இருக்கும். எரிபொருள் குறைந்ததும் காக்பிட்டில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்த பிறகும் சண்டையில் நின்றவர்களுக்கு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டும் முன் பெட்ரோல் தீர்ந்துவிடும். பலர் கடலில் இறங்க நேர்ந்தது. பின்னால் வந்த 109இ-7 ரகத்தில்தான் 300 லிட்டர் டிராப் டேங்க் பொருத்தும் வசதி வந்தது.

எவ்வளவு நிரப்புவது?

கிளம்பும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். போகும் நேரம், சண்டை நேரம், திரும்பும் நேரம், கையிருப்பு. இவ்வளவுதான்.

மஸ்டாங்கை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். சிக்கனமாகப் பறந்தால் மணிக்கு சுமார் 230 லிட்டர் குடிக்கும். முழு சக்தியில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கணக்குக்காக 500 லிட்டர் என்று வைத்துக் கொள்வோம்.

போக 45 நிமிடம், திரும்ப 45 நிமிடம்: 345 லிட்டர்.
கிளம்புவதற்கும் உயரம் ஏறுவதற்கும் கூடுதலாக: 60 லிட்டர்.
10 நிமிடச் சண்டை: 83 லிட்டர்.
அரை மணி நேரக் கையிருப்பு: 115 லிட்டர்.
மொத்தம்: 603 லிட்டர்.

1,018 லிட்டரில் இது 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 60 சதவீதம் போதும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. மஸ்டாங்கின் இரு இறக்கை டேங்குகளும் சேர்ந்து மொத்தக் கொள்ளளவில் 68 சதவீதம். அதற்குள் நிறுத்திக் கொண்டால், பெட்ரோல் முழுவதையும் இறக்கைகளிலேயே வைத்துவிடலாம். பின் டேங்க் காலியாக இருக்கும், பின்பாரமும் இருக்காது. உங்கள் சிமுலேட்டர் எந்த டேங்கை முதலில் நிரப்புகிறது என்பதை மட்டும் மீட்டரில் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

எதிரிக்கு அருகிலேயே தொடங்கும் குறுகிய ஆட்டம் என்றால் 15 நிமிடம் முழு சக்திக்கு 125 லிட்டர், கையிருப்பு 60 லிட்டர். மொத்தம் 185. 25 சதவீதமே தாராளம்.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பல சிமுலேட்டர்களில் கடினத் தன்மையை அமைக்கும் மெனுவில் எரிபொருள் தீராமல் இருக்கும்படி வைக்க ஒரு வசதி உண்டு. 2001ல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக்கிலும் இது இருக்கிறது. புதியவர்கள் வசதி என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பார்கள். பெட்ரோல் குறையாது என்றால் அதன் எடையும் குறையாது. இப்படி ஆடுபவர்கள் எரிபொருளைக் குறைவாகவே வைத்துக் கொள்வது நல்லது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அரை மணி நேரத்தில் நீங்களே சோதிக்கலாம்.

1. எதிரி இல்லாத, காற்று இல்லாத தெளிவான வானிலையைத் தேர்ந்தெடுங்கள். தரை மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம்.

2. எரிபொருளை 25 சதவீதமாக வையுங்கள். வேகம் மணிக்கு 400 கி.மீ. வந்ததும் முழு சக்தியில், உயரம் மாறாமல், ஸ்டால் ஆகாத அளவுக்கு இறுக்கமாகத் திரும்புங்கள்.

3. திசைகாட்டி மீண்டும் அதே திசையைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். இரண்டு வட்டம் அடித்து, நேரத்தை இரண்டால் வகுங்கள். முடிவில் வேகம் எவ்வளவு என்றும் குறித்துக் கொள்ளுங்கள்.

4. இனி நேராகப் பறந்து, இன்ஜின் சக்தியை முழுவதும் குறைத்து, உயரம் இறங்காமல் மெல்ல மெல்ல ஜாய்ஸ்டிக்கை இழுங்கள். விமானம் சரியும் கணத்தில் உள்ள வேகமே ஸ்டால் வேகம். அதையும் எழுதுங்கள்.

5. எரிபொருளை 100 சதவீதமாக்கி, எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள்.

6. டிராப் டேங்க் இருந்தால் அதோடும் ஒருமுறை செய்யுங்கள். எடையோடு காற்றுத் தடையும் சேர்ந்து கொள்வதைப் பார்ப்பீர்கள்.

மஸ்டாங்கில் ஸ்டால் வேக வித்தியாசம் 6, 7 சதவீதத்தை ஒட்டி வந்தால் உங்கள் சிமுலேட்டர் எடையை ஒழுங்காகக் கணக்கிடுகிறது என்று அர்த்தம். வித்தியாசமே இல்லை என்றால் அதில் எரிபொருள் வெறும் அலங்காரம்! விலைக்கு வாங்கிய சிமுலேட்டர் இல்லாதவர்கள் ஃபிளைட்கியரை இறக்கி இதைச் செய்து பார்க்கலாம். அதில் எக்விப்மென்ட் மெனுவில் ஃபியூவல் அண்ட் பேலோட் என்பதை க்ளிக் செய்தால் டேங்குகள் தனித்தனியாகத் தெரியும். அங்கே அளவை மாற்றலாம்.

ஜெட் விமானம் ஓட்டுபவர்களுக்கு

1998ல் வந்த ஃபால்கன் 4.0 போன்ற ஜெட் சிமுலேட்டர்களுக்கும் இதே விதிகள்தான். அளவு மட்டும் பெரிது. எஃப்-16 விமானத்தின் உள் டேங்குகளில் மட்டும் 3,000 கிலோவுக்கு மேல் எரிபொருள் பிடிக்கும். ஆனால் தாழ்வான உயரத்தில் ஆஃப்டர்பர்னரைத் தொடர்ந்து எரியவிட்டால் 10 நிமிடத்திற்குள் அத்தனையும் காலி.

அதனால் நிஜ பைலட்டுகள் கிளம்பும் முன்பே இரண்டு எண்களை முடிவு செய்து கொள்கிறார்கள். ஒன்று 'ஜோக்கர்'. இந்த அளவு வந்தால் சண்டையை முடித்துக் கொள்ளத் தொடங்க வேண்டும். மற்றது 'பிங்கோ'. இந்த அளவு வந்தால் எது எப்படி இருந்தாலும் வீடு திரும்ப வேண்டும். மஸ்டாங் ஓட்டினாலும் மெஸ்ஸர்ஷ்மிட் ஓட்டினாலும் நீங்களும் இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக் கொள்ளுங்கள். நான் அன்று கடலில் விழுந்த பிறகு செய்த முதல் வேலை இதுதான்.

அடுத்த முறை விமானம் பேச்சைக் கேட்கவில்லை என்றால் ஜாய்ஸ்டிக்கின் மீது கோபப்படாதீர்கள். ஆயுதத் திரையைத் திறந்து, எவ்வளவு பெட்ரோல் சுமக்கிறீர்கள் என்று பாருங்கள். போய்ச் சேர, சண்டை போட, திரும்பி வர எவ்வளவு தேவையோ அவ்வளவு நிரப்புங்கள். மிஞ்சிய பாரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்!